டீன் ஏஜ் கர்ப்பத் தடுப்புக் கல்வி: போட்ட காசுக்குப் பலன் உண்டா என்று கணக்குப் பார்ப்பது எப்படி?

நீங்கள் ஒரு தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கலாம், பொதுச் சுகாதாரம் படித்துக்கொண்டிருக்கலாம், அல்லது ஒரு திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும் பொறுப்பில் இருக்கலாம். ஓர் அறிக்கை மேசைக்கு வருகிறது. "இத்தனை பள்ளிகளில் இத்தனை ஆயிரம் மாணவிகளுக்கு வளரிளம் பருவக் கல்வி அளித்தோம். தலைக்கு ஆன செலவு மிகக் குறைவு. வகுப்புக்குப் பிறகு வைத்த தேர்வில் எல்லாரும் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள்." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நமக்குத் தெரிய வேண்டியது இதில் எங்குமே இல்லை. அந்த வகுப்பு நடக்காமல் இருந்திருந்தால் பதினாறு, பதினேழு வயதில் கருவுற்றிருக்கக்கூடிய எத்தனை பெண்கள், அது நடந்ததால் அந்த நிலைக்குப் போகாமல் தப்பினார்கள்? இதற்குப் பதில் இல்லாமல் "குறைந்த செலவு" என்று சொல்வதில் பொருளே இல்லை.

கணக்கு என்று பார்த்தால் ஒரே ஒரு வகுத்தல்தான். மேலே, திட்டத்துக்காகக் கூடுதலாக ஆன மொத்தச் செலவு. கீழே, திட்டத்தால் தவிர்க்கப்பட்ட கர்ப்பங்கள். வருகிற விடை, ஒரு கர்ப்பத்தைத் தவிர்க்க ஆன செலவு. இந்த இரண்டு எண்களையும் நேர்மையாக நிரப்புவதில்தான் பாடு முழுவதும் இருக்கிறது.

பெண்பிள்ளைகளின் வாழ்க்கையைக் காசில் அளக்கலாமா என்று சிலருக்கு உறுத்தும். உறுத்தல் நியாயமானதுதான். ஆனால் 20 முதல் 24 வயதுத் தாய்மாரைவிடப் பதின்வயதுத் தாய்மாருக்கு வலிப்புடன் வரும் ரத்த அழுத்தச் சிக்கலும் பிரசவத்துக்குப் பிந்தைய தொற்றும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. குழந்தை குறைந்த எடையோடு, குறைமாதத்தில் பிறக்கும் ஆபத்தும் கூடுதல். பலன் தராத திட்டத்தில் போகிற பணம், பலன் தரும் திட்டத்துக்குப் போயிருந்தால் இன்னொரு பெண்ணைக் காப்பாற்றியிருக்கும். அதனால்தான் கணக்கு வேண்டியிருக்கிறது.

முதல் படி: உங்கள் இடத்தில் கர்ப்பம் எப்படி நேர்கிறது என்று பாருங்கள்

இந்தத் துறையின் ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஆயிரத்துக்கு 61.8 பிரசவம் என்று 1991-ல் இருந்தது, 2023-ல் 13-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. அந்தத் தாய்மாரில் பத்துக்கு ஒன்பது பேர் மணமாகாதவர்கள். ஆகவே அங்கே வகுப்பறையில் ஆணுறையைப் பற்றியும் கருத்தடையைப் பற்றியும், 'வேண்டாம்' என்று சொல்லப் பழகுவதைப் பற்றியும் பேசினால், பேச்சு போய்ச் சேர வேண்டியவர்கள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்தியாவில் கதை வேறு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15–19 வயதுப் பெண்களில் குழந்தை பெற்றோ கருவுற்றோ இருந்தவர்கள் நாடு முழுவதும் 6.8 விழுக்காடு. தமிழ்நாட்டில் 6.3. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் அளவு 5.0-தான், அதாவது கூடியிருக்கிறது. மேற்கு வங்கத்தில் 16.4. இவற்றில் மிகப் பெரும்பகுதி கல்யாணத்துக்குப் பிறகு வரும் கர்ப்பம். தமிழ்நாட்டில் 20–24 வயதுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணம் ஆகியிருந்தது. ஒன்பதாம் வகுப்பில் நடத்தும் பாடம் எவ்வளவு அருமையாக இருந்தாலும், எட்டோடு படிப்பை நிறுத்தி வீட்டில் இருக்கும் பெண்ணையோ, மாமியார் வீட்டில் "இன்னும் விசேஷம் இல்லையா?" என்ற கேள்வியைத் தினம் கேட்கும் பெண்ணையோ அது எட்டுவதில்லை. அமெரிக்கத் திட்டத்தின் பலன் எண்ணை அப்படியே எடுத்து நம் கணக்கில் போடக் கூடாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாம் படி: செலவை விடாமல் எழுதுங்கள்

பெரும்பாலான அறிக்கைகளில் அச்சிட்ட புத்தகம், பயிற்சியாளர் சம்பளம், டீ, பிஸ்கட், வேன் வாடகை இருக்கும். விட்டுப்போகிறவை பெரியவை. ஆசிரியர் அந்த நேரத்தில் வேறு பாடம் நடத்தியிருப்பாரே, அந்த மணிக்கணக்கு. பாடத்திட்டத்தை உருவாக்க ஆன செலவு. ஆசிரியர்கள் மாற்றலாகிப் போவதால் ஆண்டுதோறும் மறுபடி கொடுக்க வேண்டிய பயிற்சி. கலெக்டர் ஆபீசிலும் பெற்றோர் கூட்டத்திலும் ஒப்புதல் வாங்க அலைந்த நாட்கள். பாலியல் கல்வி என்ற சொல்லுக்கே எதிர்ப்பு வரும் இடங்களில் இந்தக் கடைசிச் செலவு சின்னதல்ல. 2007 வாக்கில் மத்திய அரசின் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைப் பல மாநிலங்கள் நிறுத்தி வைத்தன. அச்சிட்ட புத்தகங்களும் கொடுத்த பயிற்சியும் செலவுக் கணக்கில் நின்றன, பலன் பக்கத்தில் எழுத ஒன்றும் இல்லை.

செலவு என்பது எத்தனை பேரை எட்டுகிறது என்பதைப் பொறுத்துத் தலைகீழாக மாறும். யுனெஸ்கோ 2011-ல் ஆறு நாடுகளின் பள்ளிப் பாலியல் கல்வித் திட்டங்களை எடுத்துச் செலவு பார்த்தது. ஒரு மாணவருக்கு நைஜீரியாவில் சுமார் 7 டாலர், இந்தியாவில் பதின்மூன்றரை டாலர், நெதர்லாந்தில் 33 டாலர். கென்யாவில் அதைவிடவும் அதிகம்! நெதர்லாந்தைவிடக் கென்யாவில் ஆசிரியர் சம்பளம் அதிகமா என்ன? இல்லை. கென்யத் திட்டம் பாடவேளைக்கு வெளியே, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும், கம்ப்யூட்டர் வைத்து நடந்தது. குறைந்த மாணவர்கள், ஆனால் அமைப்புச் செலவு முழுவதும் அவர்கள் தலையில். எல்லாருக்கும் கட்டாயப் பாடமாக இருக்கும் இடத்தில் அதே அமைப்புச் செலவு லட்சம் பேருக்குப் பிரிந்துவிடுகிறது. ஆகவே முன்னோட்டத் திட்டத்தின் தலைச்செலவைப் பார்த்து "இது கட்டுப்படியாகாது" என்று ஒதுக்கிவிடாதீர்கள். விரிவாக்கினால் எவ்வளவு ஆகும் என்று தனியாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: "இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேளுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். மற்ற படிகளை அவசரமாகப் படித்தாலும் இங்கே கொஞ்சம் நின்று போங்கள்.

திட்டத்துக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு, ஆக இறங்கியதெல்லாம் எங்கள் உழைப்பு என்று சொல்வார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2009-ஐ ஒட்டி, காப்பர்-டி வகைச் சாதனங்களையும் கையில் வைக்கும் இம்பிளான்ட்டையும் கிளினிக்குகளில் இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கொடுத்தார்கள். இது பாடத்திட்டம் அல்ல, மருத்துவச் சேவை. ஆனாலும் நமக்கு நல்ல பாடம். 2013-க்குள் அங்கே பதின்வயதுப் பிரசவம் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது என்று செய்தி பரவியது. குறைந்தது உண்மை. ஆனால் அதே ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதுமே ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. பிற்பாடு பொருளாதார ஆய்வாளர்கள் அந்த உதவி பெற்ற கிளினிக்குகள் இருந்த மாவட்டங்களை மற்ற இடங்களோடு ஒப்பிட்டு, திட்டத்தால் குறைந்தது ஐந்தாண்டில் 6.4 விழுக்காடு என்று 2017-ல் வெளியிட்டார்கள். திட்டம் பலன் தந்தது, ஏழ்மை மிகுந்த மாவட்டங்களில் கூடுதலாகவே தந்தது. ஆனால் 40-ஐ வைத்து வகுத்தால் வரும் விடைக்கும் 6.4-ஐ வைத்து வகுத்தால் வரும் விடைக்கும் நடுவே ஆறு மடங்கு வித்தியாசம்.

இதைவிடக் கசப்பான பாடம், நல்லெண்ணத்தோடு செய்தது எதிர்த்திசையில் போவது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரப் பகுதியில் 57 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிப் பள்ளிகளில் 13 முதல் 15 வயது மாணவிகளுக்கு நிஜக் குழந்தை மாதிரியே அழும், பால் கேட்கும், துணி மாற்றக் கேட்கும் மின்பொம்மையைக் கொடுத்து வார இறுதி முழுக்கப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நள்ளிரவில் பொம்மை அழும், எழுந்து கவனிக்க வேண்டும், கவனித்தாளா இல்லையா என்று உள்ளே இருக்கும் கருவி பதிவு செய்யும். குழந்தை வளர்ப்பது எவ்வளவு பாடு என்று புரிந்தால் பிள்ளைகள் ஜாக்கிரதையாக இருப்பார்கள் என்ற எண்ணம். அந்தப் பெண்களை 20 வயது வரை மருத்துவமனைப் பதிவுகளில் தொடர்ந்து பார்த்தார்கள். 2016-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. பொம்மை வாங்கியவர்களில் 8 விழுக்காட்டினருக்குப் பிரசவம் ஆகியிருந்தது, வாங்காதவர்களில் 4. கருக்கலைப்பு, வாங்கியவர்களில் 9 விழுக்காடு, வாங்காதவர்களில் 6. பொம்மையைத் தூக்கிக்கொண்டு போன பெண்ணுக்கு வீட்டிலும் தெருவிலும் கிடைத்த கவனிப்பு, அவளுக்குப் பிடித்துப் போயிருக்கலாம். காரணம் எதுவானாலும், ஒப்பீட்டுப் பள்ளிகள் இல்லாமல் இருந்திருந்தால் இந்த உண்மை வெளியே வந்தே இருக்காது. அன்றைய தேர்வுத்தாளில் எல்லாரும் "குழந்தை வளர்ப்பு கஷ்டம்" என்றுதான் எழுதியிருப்பார்கள்.

இங்கிலாந்திலும் இப்படி ஒன்று நடந்தது. நியூயார்க்கில் பலன் தந்த ஒரு தீவிரத் திட்டத்தை மாதிரியாக வைத்து, 'ஆபத்தில் இருப்பவர்கள்' என்று கருதிய 13–15 வயதினரை மட்டும் தேர்ந்தெடுத்து, 27 இடங்களில் இளைஞர் மேம்பாட்டுத் திட்டம் நடத்தினார்கள். 2009-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த மதிப்பீட்டில், திட்டத்தில் இருந்த பெண்களில் 16 விழுக்காட்டினரும் ஒப்பீட்டுக் குழுவில் 6 விழுக்காட்டினரும் கர்ப்பமானதாகச் சொல்லியிருந்தார்கள். இது குலுக்கல் முறை ஆய்வு அல்ல, ஆகவே வித்தியாசம் முழுவதையும் திட்டத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி ஒரே அறையில் சேர்ப்பதே வினையாகலாம் என்ற எச்சரிக்கை இதில் இருக்கிறது.

"அமெரிக்காவில் நிரூபிக்கப்பட்ட திட்டம்" என்று யாராவது சொன்னால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2010-ல் தொடங்கிய அமெரிக்க அரசின் பதின்வயதுக் கர்ப்பத் தடுப்புத் திட்டத்தின் முதல் சுற்றில் 41 கறாரான மதிப்பீடுகள் நடந்தன. நல்ல விளைவு காட்டியவை 12. முன்பு ஓர் ஊரில் வென்றது இன்னோர் ஊரில் வெல்லும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நான்காம் படி: ஒரு நிஜக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள்

'சேஃபர் சாய்சஸ்' என்ற திட்டம் கலிபோர்னியா, டெக்சாஸ் மாநிலங்களின் உயர்நிலைப் பள்ளிகளில் குலுக்கல் முறையில் சோதிக்கப்பட்டது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் பாடவேளைகள், மாணவர் குழு, பெற்றோருக்கான பகுதி எல்லாம் சேர்ந்தது. அதன் பொருளாதாரக் கணக்கு 2000-ல் வெளியானது. இந்தத் துறைக்குப் புதிதாக வரும் யாரும் இந்த ஒன்றையாவது பென்சிலும் பேப்பருமாக உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும் என்பேன்.

செலவு 1,05,243 டாலர். பாலுறவுப் பழக்கம் இருந்த மாணவர்கள் 345 பேர். ஓராண்டுக்குள் அவர்களிடையே ஆணுறைப் பயன்பாடு 15 விழுக்காடும் கருத்தடைப் பயன்பாடு 11 விழுக்காடும் கூடின. இதிலிருந்து தவிர்க்கப்பட்டவை என்று கணித்தது: 18.5 கர்ப்பம், பாலுறவால் பரவும் நோய்களில் 24 கிளமிடியா தொற்று, கிட்டத்தட்ட 3 கொனோரியா, 6 இடுப்புக்குழி அழற்சி, 0.12 எச்.ஐ.வி. போட்ட ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவ, சமூகச் செலவில் 2.65 டாலர் மிச்சம்.

இப்போது பிரிப்போம். 1,05,243-ஐ 18.5-ஆல் வகுத்தால், ஒரு கர்ப்பத்தைத் தவிர்க்க ஏறத்தாழ 5,690 டாலர். அதே பணம் தொற்றுகளையும் தடுத்திருக்கிறதே, முழுச் செலவையும் கர்ப்பத்தின் பேரிலேயே எழுதுவது நியாயமா என்று கேட்டால், இல்லைதான். ஆகவே இந்த எண் திட்டத்தைக் கொஞ்சம் மோசமாகவே காட்டுகிறது.

அடுத்து, அந்த 18.5-ஐ உற்றுப் பாருங்கள். அரைக் கர்ப்பம் எப்படி வரும்? யாரும் கர்ப்பங்களை எண்ணவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். எத்தனை பேர் ஆணுறை பயன்படுத்துவதாகச் சொன்னார்கள் என்பதை எடுத்து, ஆணுறை எந்த அளவுக்குக் கர்ப்பத்தைத் தடுக்கும் என்ற விகிதத்தோடு பெருக்கி வந்த எண் அது. அதாவது முழுக் கட்டடமும் மாணவர்கள் படிவத்தில் எழுதிய பதிலின் மேல் நிற்கிறது. இதில் குற்றம் ஒன்றும் இல்லை, பல ஆய்வுகள் இப்படித்தான். ஆனால் மாடலில் கணித்ததா, மருத்துவமனைப் பதிவில் எண்ணியதா என்று ஒவ்வொரு அறிக்கையிலும் கேளுங்கள். பெர்த் ஆய்வு எண்ணியது. இது கணித்தது.

மூன்றாவதாக, 345 பேர் தவிர மற்ற மாணவர்களும் அதே வகுப்பில் இருந்தார்கள். அவர்கள் இரண்டு ஆண்டு கழித்து உறவில் இறங்கும்போது இந்தப் பாடம் நினைவுக்கு வந்தால் அந்தப் பலன் இந்தக் கணக்கில் இல்லை. மறுபக்கம், 345 பேரிடம் வந்த மாற்றம் அடுத்த ஆண்டே கரைந்துபோயிருந்தால் அதுவும் இதில் இல்லை.

ஐந்தாம் படி: "மிச்சம்" என்ற எண்ணை நம்பும் முன்

ஒரு டாலருக்கு இத்தனை டாலர் மிச்சம் என்பது மேடையில் கைதட்டல் வாங்கும் வாக்கியம். அமெரிக்காவில் பதின்வயதுப் பிரசவங்களால் 2010-ல் வரிப்பணத்துக்கு 940 கோடி டாலர் செலவு என்று ஒரு பிரபலமான மதிப்பீடு உண்டு. மருத்துவம், குழந்தைக் காப்பகம், சிறை, குறைந்துபோன வரி வருவாய் எல்லாம் சேர்த்தது. இங்கே ஒரு சிக்கல். பதினேழில் தாயான பெண் பிற்பாடு ஏழ்மையில் இருந்தால், தாயானதால் ஏழ்மையா, ஏற்கெனவே ஏழ்மையில் இருந்ததால் சீக்கிரம் தாயானாளா? 1992-ல் வந்த ஓர் ஆய்வு அக்கா தங்கைகளை ஒப்பிட்டது: ஒரே வீட்டில் வளர்ந்து, ஒருத்தி பதின்வயதிலும் இன்னொருத்தி பின்னரும் தாயானவர்கள். வழக்கமான ஒப்பீட்டில் தெரிந்த பெரிய இடைவெளி, சகோதரிகளுக்கு நடுவே வெகுவாகச் சுருங்கியது. ஆகவே "ஒரு கர்ப்பத்தைத் தவிர்த்தால் இத்தனை லட்சம் மிச்சம்" என்ற எண்களில் ஒரு பகுதி, பழைய ஏழ்மையின் செலவு. வகுப்பு நடத்தி அதை மிச்சம் பிடிக்க முடியாது.

இன்னொன்று, பல கர்ப்பங்கள் தவிர்க்கப்படுவதில்லை, தள்ளிப்போகின்றன. பதினேழில் நேர வேண்டியது இருபத்திரண்டில் நேர்கிறது. அந்தப் பெண்ணின் உடம்புக்கும் படிப்புக்கும் அது பெரிய நன்மை. ஆனால் பிரசவச் செலவு முழுவதும் மிச்சம் என்று எழுதக் கூடாது, வித்தியாசத்தை மட்டும்தான் எழுதலாம்.

பல ஆண்டு கழித்து வரும் மிச்சத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர, ஆண்டுக்கு 3 விழுக்காடு கழிப்பது வழக்கம். 15 ஆண்டு கழித்து மிச்சமாகும் ஒரு லட்சம் ரூபாய், இன்றைக்கு ஏறத்தாழ 64,000 ரூபாய். எக்செல்லில் ஒரே வரி.

யாருக்கு மிச்சம் என்பதையும் எழுதுங்கள். செலவழிப்பது பள்ளிக் கல்வித் துறை, மிச்சம் போவது சுகாதாரத் துறைக்கு. கல்வித் துறை அதிகாரிக்கு உங்கள் 2.65 ஏன் உற்சாகம் தருவதில்லை என்பது அப்போது புரியும்.

ஆறாம் படி: எண்களை ஆட்டிப் பாருங்கள்

பலன் பாதிதான் என்று வைத்தால் 2.65 என்பது 1.33 ஆகிறது, இன்னும் லாபம்தான். மூன்றில் ஒரு பங்கு என்றால் 0.88, நஷ்டம். எந்த இடத்தில் முடிவு மாறுகிறது என்று தெரிந்தால் போதும். அந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் திட்டத்தை எச்சரிக்கையோடு அணுகுங்கள்.

ஏழாம் படி: அதே பணத்துக்கு வேறு என்ன செய்யலாம்?

எனக்கு இந்தப் படிதான் மிக முக்கியம், இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வகுப்பு நடத்துவதா வேண்டாமா என்று மட்டும் யோசிக்கிறார்கள். எந்த வகுப்பு, அல்லது வகுப்புக்குப் பதில் எது என்று யோசிப்பதில்லை.

மேற்குக் கென்யாவில் 328 தொடக்கப் பள்ளிகளில் நடந்த குலுக்கல் முறை ஆய்வு இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. அரசின் எச்.ஐ.வி. பாடத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கல்யாணம் வரை விலகி இரு என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். கர்ப்பம் குறையவில்லை. வேறு சில பள்ளிகளில் ஒரே ஒரு நாற்பது நிமிடப் பேச்சு, பத்து நிமிட வீடியோ. சொன்ன செய்தி இதுதான்: உங்கள் வயதுப் பையன்களைவிட, பரிசும் பணமும் கொடுத்துப் பழகும் வயதான ஆண்களிடம் எச்.ஐ.வி. பல மடங்கு அதிகம், இதோ வயதுவாரியான எண்கள். இதைக் கேட்ட பெண்களிடையே கர்ப்பம் 28 விழுக்காடு குறைந்தது. 'செய்யாதே' என்ற உபதேசம் தோற்ற இடத்தில், அவர்களிடம் இல்லாத ஒரு தகவல் வேலை செய்தது.

அதே ஆய்வில் இன்னொரு குழுவுக்குப் பாடமே இல்லை. இலவசப் பள்ளிச் சீருடை மட்டும், அதுவும் இரண்டு முறை. மூன்று ஆண்டில் பெண்களின் கர்ப்பம் 16 விழுக்காட்டிலிருந்து 13 ஆனது. கணக்குப் போடுவோம். 100 பெண்களுக்கு 3 கர்ப்பம் குறைகிறது என்றால், ஒரு கர்ப்பத்தைத் தவிர்க்க 33 பெண்களுக்குச் சீருடை வேண்டும். ஒரு சீருடை சுமார் 6 டாலர், தலைக்கு இரண்டு, ஆக 400 டாலரை ஒட்டி. நில்லுங்கள், பையன்களுக்கும்தானே கொடுத்தார்கள்? அவர்களையும் சேர்த்தால் 800. கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு தனி. ஆனால் படிப்பை நிறுத்துபவர்களும் குறைந்தார்கள், அதன் பலனைக் கர்ப்பக் கணக்கில் எழுத இடமே இல்லை. இப்படி ஒவ்வொரு வரியிலும் நின்று கேட்கப் பழகினால் இந்த வேலை கைக்கு வந்துவிடும்.

வங்கதேசத்தில், நம் நிலைமைக்கு நெருக்கமான ஒன்று. 18 வயது வரை மகளுக்குக் கல்யாணம் செய்யாத வீடுகளுக்குச் சமையல் எண்ணெய் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு அதைப் பெறத் தகுதி இருந்த பெண்களிடையே சிறுவயதுத் திருமணம் 19 விழுக்காடு குறைந்தது. அதே ஆய்வில் இருந்த பெண்களுக்கான தன்னம்பிக்கைப் பயிற்சித் திட்டம் திருமண வயதைத் தள்ளிப்போடவில்லை. பயிற்சியால் வேறு நன்மை இருக்கலாம். ஆனால் கல்யாணத் தேதியைத் தீர்மானிப்பவர் பயிற்சி வகுப்பில் உட்காரவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டுக் கல்வியே வீண் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்து 1999-ல் தொடங்கிய பத்தாண்டுத் திட்டம் பள்ளிப் பாடத்தையும், இளைஞர்கள் கூச்சமில்லாமல் போகக்கூடிய கிளினிக்கையும் ஒன்றாக இணைத்தது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் கருவுறும் அளவு 1998-ல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 47, 2014-ல் 23. கூடுதல் பணம் போன ஏழைப் பகுதிகளில் கூடுதலாக இறங்கியது. எஸ்டோனியாவிலும் பாடமும் இளைஞர் ஆலோசனை மையமும் சேர்ந்தே வளர்ந்தன. பாடம் கேட்ட பெண், அடுத்த நாள் போய்க் கேட்க ஓர் இடம் இருக்க வேண்டும். அந்த இடம் இல்லாத ஊரில் பாடத்துக்கு மட்டும் பணம் கேட்கும் முன்மொழிவை நான் ஆதரிக்க மாட்டேன்.

எட்டாம் படி: தமிழ்நாட்டில் தரவு எடுக்கும்போது

உங்கள் திட்டம் ஒரு பள்ளியில் 200 மாணவிகளுக்கு என்றால், மாநில அளவை வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 12, 13 பேர் பதின்வயதில் கருவுறக்கூடும். திட்டம் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலும் அது ஒரே ஒரு பெண். அந்த ஒருத்தி மிக முக்கியம். ஆனால் அந்த ஒன்று திட்டத்தால் குறைந்ததா, தற்செயலா என்று எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. ஆகவே ஒரு பள்ளியை வைத்துத் "தவிர்த்த கர்ப்பம்" என்று எழுதாதீர்கள். ஒன்றியம் முழுக்க, பல பள்ளிகளில், பாதியில் இந்த ஆண்டும் மீதியில் அடுத்த ஆண்டும் தொடங்கினால் ஒப்பீட்டுக் குழு தானாகக் கிடைக்கும். யாரையும் ஒதுக்கிவிட்டோம் என்ற உறுத்தலும் இருக்காது.

கர்ப்பத்தோடு பள்ளி இடைநிற்றலையும் திருமண வயதையும் சேர்த்து அளவிடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்னும் மாணவர் பதிவில் ஒரு மாணவி எட்டுக்குப் பிறகோ பத்துக்குப் பிறகோ காணாமல் போனால் தெரிந்துவிடும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. உங்கள் வகுப்பு நடக்கும் ஊரிலும் நடக்காத ஊரிலும் அது இருக்கிறது. அதனால் வரும் மாற்றத்தை உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

கர்ப்ப எண்ணிக்கைக்குப் பிக்மி என்னும் அரசின் கர்ப்பிணிப் பதிவையும் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டையும்தான் நம்ப வேண்டியிருக்கும். அங்கே எழுதிய வயதை அப்படியே எடுக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் போகும் என்ற பயம் குடும்பங்களுக்கு உண்டு. மகப்பேறு நிதியுதவி 19 வயது நிரம்பியவர்களுக்கே என்ற விதியும் இருக்கிறது. 17 என்பது 19 ஆவதற்கு இரண்டு காரணங்கள் தயாராக இருக்கின்றன. கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் மருத்துவர் அவளுடைய அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொல்லியும் அந்தப் பயம் பெரிதாக விலகவில்லை. ஆகவே பதிவில் எண்ணிக்கை திடீரென்று குறைந்தால், திட்டம் வென்றது என்று கொண்டாடும் முன், பெண்கள் அரசு மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிட்டார்களா என்று செவிலியரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கு ஊரே தெரியும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியோடு ஒப்பிட வழி இருந்தால், உரிய அனுமதி பெற்று ஒப்பிடுங்கள்.

அறிக்கையில் ஐந்துக்கும் குறைவான எண்ணிக்கையை ஊர்ப் பெயரோடு போடவே கூடாது. சின்ன கிராமத்தில் "இரண்டு பேர்" என்று எழுதினால் அது யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஒன்றிய அளவில் கூட்டிப் போடுங்கள்.

நிதி கொடுப்பவர் ஆறு மாதத்தில் "எத்தனை கர்ப்பத்தைத் தடுத்தீர்கள்?" என்று கேட்டால், அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அதற்குக் கீழே ஒப்பீட்டுக் குழு எது, எந்த ஆண்டில் எண்ணப்போகிறோம், அதுவரை எமிஸ் காட்டும் இடைநிற்றல் எவ்வளவு என்ற மூன்று வரிகளை எழுதிக் கொடுங்கள். எண்ணும் வேலைக்கு ஆகும் செலவை முதல் பட்ஜெட்டிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காது.